ஊசி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள்

ஜப்பானியக் கைவினைகளைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது பெரும்பாலும் கியோத்தோவின் பட்டு நெசவும், வாள் வடிக்கும் கொல்லர்களும், மண் கிண்ணத்துக்காக ஆயுளைக் கொடுத்த முதியவர்களும்தான் வருகிறார்கள். தோக்கியோவின் எதொகாவா வட்டாரத்தில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் தகப்பனான என்னிடம், இந்த நாட்டில் கைவேலை எங்கே உயிரோடு இருக்கிறது என்று யாராவது கேட்டால், வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சாதாரணத் தொடக்கப் பள்ளியைத்தான் காட்டுவேன்.

இங்கே ‘ஸுகோ’ என்றொரு பாடம் உண்டு. படம் வரைவதும் கைவேலையும் சேர்ந்த பாடம் அது. முதல் வகுப்பில் ஆண்டுக்கு 68 பாடவேளை, இரண்டாம் வகுப்பில் 70, மூன்றிலும் நான்கிலும் 60, ஐந்திலும் ஆறிலும் 50 என்று நாடு முழுவதற்குமான பாடத்திட்டமே அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். எந்த வயதில் எந்தக் கருவி கைக்கு வர வேண்டும் என்பதையும் அதே பாடத்திட்டம் சொல்கிறது. முதலிரண்டு ஆண்டுகள் களிமண்ணும் கத்தரிக்கோலும் பசையும். அடுத்த இரண்டு ஆண்டுகள் சிறு கத்தி, ரம்பம், சுத்தியல், ஆணி. கடைசி இரண்டு ஆண்டுகள் கம்பியும் இழை ரம்பமும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ரம்பத்தைக் கொடுக்கலாமா என்று நம் வீடுகளில் பதறுவார்கள். பலகையை எப்படி அழுத்திப் பிடிப்பது, செதுக்குளி போகும் திசையில் மற்றக் கையை ஏன் ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதை ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் கருவியைத் தருகிறார். நான்காம் வகுப்பில் என் மகன் பலகையைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்த படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதை அவனுடைய கணக்கு மதிப்பெண்ணுக்கு ஒரு படி கீழாக நான் எண்ணவில்லை.

ஐந்தாம் வகுப்பில் மனையியல் வந்து சேர்கிறது. அந்த ஆண்டு 60 பாடவேளை, ஆறாம் வகுப்பில் 55. ஊசியில் நூல் கோத்து நுனியில் முடிச்சிடுவது, ஓட்டுத் தையல் போடுவது, பொத்தான் தைப்பது, பிறகு தையல் எந்திரத்தில் உட்கார்ந்து ஒரு பையோ சமையல் மேலாடையோ தைப்பது, சோறாக்கி மிசோ சூப் வைப்பது ஆகியவற்றை ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் செய்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 1947 முதலே இது இருபாலருக்கும் பொதுவான பாடம். அடுத்த கட்டப் பள்ளியில் மட்டும் பெண்களுக்கு மனையியல், ஆண்களுக்குத் தொழில்நுட்பம் என்று நெடுங்காலம் பிரிந்து கிடந்து, 1993இல்தான் அதுவும் பொதுவாயிற்று. நான் படித்த பள்ளியில் தையல் வகுப்பு இருந்தது. அந்த நேரத்தில் ஆண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பொத்தான் தைக்கத் தெரியாத ஒரு தலைமுறை ஆண்கள் அப்படித்தான் உருவானார்கள்.

முதல் வகுப்பில் ‘முகாஷி அசோபி’ என்று ஒரு பகுதி வருகிறது. அக்கம்பக்கத்துத் தாத்தா பாட்டிகளைப் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் சிறுவயதில் ஆடிய விளையாட்டுகளைப் பிள்ளைகள் அவர்களிடமே கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. சாட்டை சுற்றி விடும் பம்பரம், விரல்களில் நூலை மாட்டி உருவங்கள் காட்டும் அயதோரி, சிறு துணிப்பைக்குள் அசுகிப் பயறு அடைத்துத் தைத்து எறிந்து பிடிக்கும் ஒதெதமா ஆகியவை அதில் இருக்கும். மகளின் வகுப்புக்கு உதவியாகப் போயிருந்தபோது, ஒரு பையை மேலே எறிந்துவிட்டு, அது இறங்குவதற்குள் தரையில் கிடந்தவற்றை வழித்தெடுத்து, இறங்கியதையும் அதே கையில் பிடித்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். உடன்குடிப் பக்கத்துத் திண்ணைகளில் எங்கள் அக்காமார் ஆடிய தட்டாங்கல்லின் கணக்கு அப்படியே அந்தக் கையில் இருந்தது.

நான் வளர்ந்தது பனங்காட்டு ஊரில். எங்கள் ஆச்சி குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, எல்லா ஓலையும் ஒரே அகலத்தில் வரும்படி வார்ந்து வைத்துக்கொண்டு பெட்டி முடைவார். கருப்பட்டிக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகச் சாயம் ஏற்றிய மூடிப்பெட்டி ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவு அவர் கையிலேயே இருந்தது. பிள்ளைகள் நாங்கள் ஓலையில் காற்றாடியும் கிலுக்கும் செய்தோம். நுங்கு தின்றபின் எஞ்சும் கூடுகளைக் கம்பில் கோத்து வண்டி உருட்டினோம். இவை எல்லாவற்றையும் பள்ளிக்கு வெளியேதான் கற்றோம். பள்ளிக்குள் அவற்றுக்கு மதிப்பெண்ணும் இல்லை, மரியாதையும் இல்லை. பனையேறி வீட்டுப் பையன் ஒருவன் ஓலையில் முடைந்த கிளியை வகுப்புக்குக் கொண்டுவந்தால், ‘படிப்பு ஏறலேன்னா உங்கப்பன் தொழிலுக்கே போயிரு’ என்ற ஏச்சுத்தான் கிடைத்தது. அந்த ஏச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஜப்பான் தன் கைவினைகளை முழுவதுமாகக் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மரபுக் கைவினைத் தொழில்களுக்காக 1974இல் ஒரு சட்டம் இயற்றி, இன்று 240க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு அரசு ஏற்பு அளித்திருக்கிறார்கள். ஏற்புப் பெறுவதற்கான நிபந்தனைகளில், அந்தப் பொருள் முதன்மையாக மக்களின் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. பெயர் தெரியாத கைகள் அன்றாடத்துக்காகச் செய்த பொருள்களில் அழகு இருக்கிறது என்று வாதாடி, 1936இல் தோக்கியோவின் கொமாபாவில் நாட்டார் கைவினைக் காட்சியகத்தைத் திறந்த யனாகி சோஎத்சுவின் எண்ணமும் இதற்கு அருகில் நிற்பதுதான். ஆனால், அன்றாடமே மாறிவிட்டால் சட்டம் என்ன செய்யும்? புது அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தத்தாமி என்னும் புல்பாய் பதித்த அறையே இல்லை. அந்தப் பாய்க்கான இகுசாப் புல்லைப் பெரும்பகுதி விளைவிக்கும் குமமொத்தோவில் உழவர்களின் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. பத்தமடைக் கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவனுக்கு இந்த இழப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்படித் தொழில்கள் நலிந்தாலும் கையின் அறிவு அவற்றோடு சேர்ந்து செத்துவிடாமல் பள்ளி தாங்கிப் பிடிக்கிறது என்பதே என் வாதம்.

பள்ளியில் கைத்தொழில் வேண்டும் என்று ஒரு தமிழன் எழுதினால் உடனே 1953 நினைவுக்கு வரும்; வரத்தான் வேண்டும். ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தவர்களின் பக்கமே நியாயம் இருந்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டதால்தான் என் போன்றவர்களின் வீடுகளில் படிப்பு நிலைத்தது. ஜப்பானியப் பள்ளியில் நான் பார்ப்பது அந்தத் திட்டத்துக்கு நேர் எதிரானது. இங்கே கைவேலை பள்ளி நேரத்துக்குள், ஆசிரியரிடமிருந்து, யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது. மருத்துவரின் மகனும் மீன்கடைக்காரரின் மகளும் ஒரே மேசையில் ரம்பம் இழுக்கும் வகுப்பில், கைவேலை தாழ்ந்தவர்களுடையது என்ற எண்ணம் வேர்விடுவது கடினம். குலக்கல்வியை விரட்டிய நாம் அதற்குப் பின் பொதுவான கைக்கல்வி ஒன்றை முழுமையாகக் கட்டாமல் விட்டோம். அதனால் ஓலை முடைவது இன்றும் ஒரு சாதியின் அடையாளமாகவோ, கண்காட்சிக் கடையின் விலையுயர்ந்த பொருளாகவோ மட்டுமே நிற்கிறது.

தோக்கியோவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை ஸுகோவில் செய்து கொண்டுவரும் அட்டைப்பெட்டிக் கோட்டையைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். அந்த நேரத்தில் இன்னும் நாலு கணக்குப் போட்டிருக்கலாம் என்றும் சொல்லாதீர்கள். வார இறுதித் தமிழ் வகுப்புகளில் எழுத்தோடு முடைதலுக்கும் இடம் கொடுக்கலாம். இங்கே பனையோலை கிடைக்காது என்றாலும், கூடை பின்னுவதற்கென்றே விற்கும் காகித நாடா நூறு யென் கடைகளில் கிடைக்கிறது. ஆச்சி போட்ட அதே அடிப்பின்னலை அதில் போட முடிகிறது. என் பிள்ளைகள் இருவரும் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. ஓவியம், தையல், இசை முதலிய பாடங்களுக்காக 2012இல் அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று அரை நாள் வேலையில், சொற்பத் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகத் தெருவில் போராடியிருக்கிறார்கள். பாடவேளையை எழுத்தில் உறுதிசெய்து, அந்த ஆசிரியர்களை முழுநேரமாக்கி, தையல் வகுப்பில் ஆண்பிள்ளைகளையும் உட்காரவையுங்கள்.