தங்கம் பூசிய வெற்றுப் பக்கம்

ஜோத்பூர் ஓவியம் ஒன்றை யாராவது பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் தங்கப்பூச்சு. "ஐரோப்பாக்காரனுக்கு முன்பே நாம் அரூப ஓவியம் வரைந்துவிட்டோம்" என்று கூடவே ஒரு மார்தட்டல். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

இது தனி ஓவியமே அல்ல. 1823-ல் புலாகி என்ற அரண்மனை ஓவியர் வரைந்த, நாதர்கள் என்ற யோகி மரபினரின் கதை சொல்லும் 'நாத் சரித்' சுவடியின் முதல் ஏடு. நீளம் 123 செ.மீ. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். முதலில் குணமும் உருவமும் இல்லாத பரம்பொருள், அதற்குத்தான் அந்தத் தங்கம். அடுத்த கட்டத்தில் அதிலிருந்து அந்த மரபைச் சேர்ந்த ஒரு நாத சித்தர் தோன்றுகிறார். மூன்றாவதில் வெள்ளியாய் மின்னும் நீர்ச்சுழிகள், படைப்பு தொடங்கிவிட்டது. பாற்கடலும் இல்லை, பிரம்மாவும் இல்லை. ஆதியில் இருந்தவர் ஒரு யோகி. வைணவப் படங்கள் வரைந்து பழகிய அரண்மனையில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

துணிச்சல் அரசனுடையது. 1803-ல், பின்னாளில் ஜோத்பூர் மன்னரான மான் சிங் ஜாலோர் கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கிக் கிடந்தார். நாதர்கள் வணங்கும் சித்தர் ஜலந்தர்நாதரின் அருளுண்டு, கோட்டையை விட்டு வெளியேறாதே என்றார் தேவ்நாத் என்ற நாத யோகி. முற்றுகையிட்ட ஒன்றுவிட்ட சகோதரர் பீம் சிங் இறந்துபோக, அரியணை இவருக்கு வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? நாதர்களுக்கு மகாமந்திர் கோயில், நிலம், அரசவையில் செல்வாக்கு. பிரபுக்கள் பொருமினார்கள். 1815-ல் தேவ்நாத் கொல்லப்பட்டார். அதன் பிறகும் மன்னரின் பக்தி குறையவில்லை; எட்டு வருடம் கழித்து வந்தது இந்தச் சுவடி. அந்தத் தங்கத்தில் தத்துவம் எவ்வளவோ, அவ்வளவு அரசியலும் இருக்கிறது என்பது என் கட்சி.

நாதர்களும் தாந்திரிக மரபோடு தொடர்புள்ளவர்கள்தான். தாந்திரிகம் என்றதும் மண்டையோட்டையும் மாந்திரீகத்தையும் தேடுபவர்கள், மறு வருடம் இதே புலாகி 'சித்த சித்தாந்த பத்ததி' என்ற யோக நூலுக்கு வரைந்ததைப் பார்க்கலாம். ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான ஏட்டில் ஒரு யோகியின் உடல், அதற்குள் உலகங்கள். அண்டத்தில் உள்ளதே பிண்டம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அந்த நூலை இயற்றியவராகச் சொல்லப்படும் கோரக்நாதரைத்தான் நாம் கோரக்கர் என்று பதினெண் சித்தர்களில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

உருவமற்றதை வரைந்து கொடு என்று ஒருவன் கேட்டபோது, பார்த்து வரைய முன்மாதிரி எதுவும் இல்லாமல் தங்கத்தை எடுத்துப் பூசிய ஆள் புலாகி. ஐரோப்பாவோடு போட்டி போடுவதை விட்டுவிட்டு, சரி, அடுத்த முறை பகிரும்போது அவர் பெயரையாவது போடுங்கள்.