ஃபிளெக்ஸில் விட்டுப்போன ஒரு சொல்

போன வாரம் எங்கள் அறிவியல் சார் காலமானார். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே தோட்டத்துச் சாளையில் இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால் சார் என்றே எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் ‘ஓய்வு பெற்ற ஆசிரியர்’ என்று இருந்தது. எழவுக்கு வந்தவர்களும், “ரிட்டயர்டு ஆனப்புறம் பொழுதுபோக்குக்கு நெம்ப நல்லாப் படம் வரைவாருங்க” என்றுதான் பேசிக்கொண்டார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. 2003இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல், காய்ச்சலில் படுத்த நாள் தவிர, விடிவதற்குள் பலகையும் தாளும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனவர். ஒருத்தர் அவ்வளவு காலம் ஏர் ஓட்டியிருந்தால் விவசாயி என்றுதானே போட்டிருப்போம்? ஓவியர் என்று ஒரு சொல் போட என்ன தயக்கம்?

எட்டாம் வகுப்பில் பூவின் பாகங்கள் பாடம். பள்ளிக்கூடத்து வேலியோரம் நின்ற பூவரசிலிருந்து ஆளுக்கொரு பூ பறித்துவரச் சொன்னார். காலையில் முதல் பீரியடில் வரைந்து கலர் அடித்தோம். எல்லாருக்கும் மஞ்சள். பூவை ஜன்னல் கட்டையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் மணி அடித்த பிறகு கால் மணி நேரம் இருக்கச் சொல்லி, அதே பூவை மறுபடி வரையச் சொன்னார். அதற்குள் அது சிவக்கத் தொடங்கியிருந்தது. பூவரசம்பூ மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவந்துபோகும். அந்த மரத்தடியில்தான் தினமும் சோத்துப் போசியைத் திறந்தோம், ஒருத்தர்கூட அதைக் கவனித்ததில்லை. “படத்துக்குக் கீழ மணி எழுது கண்ணு. எப்பப் பாத்தேன்னு எழுதாட்டி அது பாதிப் படம்” என்றார்.

அவர் ஓவியம் படித்தவர் இல்லை. அரசு ஓவியக் கல்லூரி என்றால் 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, விட்டால் கும்பகோணம். கொங்கு நாட்டில் இன்றைக்கும் ஒன்று கிடையாது. பண்ணையம் பார்க்கிற வீட்டில் படம் வரையப் படிக்கிறேன் என்று அந்தக் காலத்தில் பஸ் ஏற முடியுமா? பி.எஸ்ஸி., பி.எட். முடித்து வாத்தியார் ஆனார். நாற்பத்தெட்டு வயதில் அரசு ஓவியத் தேர்வுகளான டிராயிங் லோயரும் அப்புறம் ஹையரும் எழுதினார், தன்னிடம் படிக்கிற பிள்ளைகளோடு ஒரே ஹாலில் உட்கார்ந்து.

அவருடைய பெரிய வேலை என்று நான் நினைப்பது ஒரு காளைக்கன்றின் படங்களை. அவர் கட்டுத்தரையிலேயே பிறந்த கன்று. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் சிவப்புப் போய்ச் சாம்பல் ஏறும். காளையாக வளர வளரத் தலையும் கழுத்தும் திமிலும் கருக்கும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கருப்பு வெளுத்து மயிலையாகும். எங்கள் பக்கம் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சார் அதை மாதம் ஒரு தாளாக வரைந்தார். அதே முளைக்குச்சி, அதே வெள்வேல மரத்து நிழல், உட்கார்ந்ததும் அதே கல்லில். நாற்பது தாளுக்கு மேல் இருக்கும்.

அவர் பெட்டியில் கருப்பு டியூப் கிடையாது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்துதான் கருப்பு எடுப்பார். நீலம் கொஞ்சம் தூக்கினால் திமிலின் கருப்பு, பழுப்புத் தூக்கினால் கழுத்து மடிப்பில் வெயில் பட்ட கருப்பு. முதல் தாளில் இருக்கிற செவலையும் அதே பர்ன்ட் சியன்னாதான். பிறந்தபோது இருந்த நிறம் அந்தக் காளையின் கருப்புக்குள் கடைசிவரை கிடக்கிறது. இது எனக்குப் புரியவே பத்து வருஷம் ஆயிற்று. வெள்ளைக்குப் பெயிண்ட் தொடமாட்டார், தாளையே விட்டுவிடுவார். பின்னால் கொரங்காடு, மாடு மேய வேலி கட்டி விட்ட புல்லுக்காடு. கொழுக்கட்டைப் புல் சில தாளில் பச்சை, சில தாளில் வெறும் தாள். கிளுவை வேலி மழைக்கு இலை விட்டிருக்கும், கோடையில் குச்சியும் முள்ளுமாக நிற்கும். கன்றின் படம் என்று பார்க்கத் தொடங்கினால் ஒரு காட்டின் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட மழையும் வெயிலும் அதில் இருக்கிறது.

நான் திருப்பூரில் துணி ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணி, வந்தால் ஷேடு பார்ப்பது என் வேலை. டியூப்லைட்டில் ஒன்றுபோல் இருக்கிற இரண்டு துணி பகல் வெளிச்சத்தில் வேறு வேறாக நிற்கும். அதற்காகத்தான் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்க்க லைட் பாக்ஸ் வைத்திருக்கிறோம். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பூவரசம்பூதான் ஞாபகம் வந்தது. இந்தக் கண் எனக்கு அவர் கொடுத்தது.

அவரே வரைந்த இன்னொரு படத்தை என்னால் இன்றும் நேராகப் பார்க்க முடியவில்லை. நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குக் கட்டியதில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த காடுகள் கெட்டன. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முந்தைய வருஷம் வரைந்தது. தண்ணீருக்கு அவர் நீலம் போடவில்லை. என்ன நிறம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஷேடு பார்ப்பதே தொழிலாக இருந்தும். பின்பக்கம் ‘காலை 7 மணி, நுரை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. நான் அனுமதி கொடுத்த ஷேடு எத்தனை அந்தத் தண்ணீரில் போயிருக்கும் என்று நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கூடியது, நிரந்தரம் கேட்டு அவர்கள் பல தடவை போராடினார்கள். பிள்ளைக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவருக்கு நாம் கொடுத்த இடம் அந்த அரை நாள்தான். அதிலும் பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறோம். எங்களுக்கு டிராயிங் மாஸ்டரே இல்லை. ஒரு அறிவியல் வாத்தியார் தன் பாடத்துக்குள்ளேயே ஓவியத்தை வைத்துக் கொடுத்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது.

சாரின் படங்கள் இப்போது வீட்டு அட்டாலியில் (பரணில்), மஞ்சள் மூட்டைச் சாக்குகளுக்கு நடுவே இருக்கின்றன. அடியில் இருக்கிற கட்டுக்கு ஈரம் ஏறியிருக்கிறது, ஓரங்களில் கரையான் தொட்டிருக்கிறது. வரும் ஞாயிறு காலை இறக்கி, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுக்கப் போகிறோம். பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது, மணியும் மாதமும் அங்கேதான் இருக்கிறது. சாரிடம் படித்தவர்கள் முடிந்தால் வாருங்கள், சுற்றி வைக்கப் பழைய பருத்தி வேட்டி இருந்தால் துவைத்து எடுத்து வாருங்கள். ஈரமான தாளை வாசலில் வெயிலில் பரப்பிவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், வாட்டர் கலர் வெளுத்துப்போகும். வடக்குத் திண்ணை நிழலில் கயிறு கட்டித்தான் உலர்த்த வேண்டும்.