அந்த நீலக் கட்டம் சும்மா கிடக்கவில்லை

"அஞ்சே நிமிஷம் சார், இதோ எடுத்துடுறேன்."

சென்னையில் சக்கர நாற்காலி படம் வரைந்த நீலக் கட்டத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகிற அத்தனை பேருக்கும் இதே வசனம்தான். ஏடிஎம்முக்குப் போனவர், பார்சல் வாங்கப் போனவர், வீட்டம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு ஏசி போட்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பவர், எல்லாருக்கும் அஞ்சு நிமிஷம். கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டால் அடுத்த வசனம் வரும்: "சும்மாதானே சார் கிடந்துச்சு?"

சும்மா கிடந்ததாம்! தீயணைப்பு வண்டியும்தான் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவீர்களா?

இவர்களுடைய கணக்கு எங்கே தப்புகிறது என்றால், அந்தக் கட்டம் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதல்லவா, அதனால் அது ஏதோ பாவம் பார்த்துக் கொடுத்த சலுகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஆயிற்று என்பது எண்ணம். பக்கத்தில் இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிற எனக்கு முதலில் வேண்டியது அகலம். சாதாரணமாக ஒரு கார் கட்டம் இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். நமக்கான கட்டம் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், குறைந்தது 3.6 மீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தக் கூடுதல் ஒரு மீட்டர் சொச்சத்தைத்தான் சில இடங்களில் குறுக்குக் கோடு போட்டு ஒரு பட்டையாக விட்டிருப்பார்கள். அது பைக் நிறுத்துகிற இடம் என்று நம்மாட்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அது எதற்கு என்று சொல்கிறேன். நான் ஓட்டுவது ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் கையாலேயே இயக்கும்படி மாற்றிய கார். நிறுத்தியதும் டிரைவர் பக்கக் கதவை முழுசாகத் திறக்க வேண்டும். பாதி திறந்து பயனில்லை. சீட்டைப் பின்னால் சாய்த்து, பக்கத்து சீட்டில் கழற்றிப் போட்டிருக்கும் நாற்காலியின் சட்டத்தைத் தூக்கி, ஸ்டியரிங்குக்கும் என் மார்புக்கும் நடுவில் நுழைத்து வெளியே தரையில் வைப்பேன். அப்புறம் ஒரு சக்கரம். அப்புறம் இன்னொன்று. குனிந்தபடியே இரண்டையும் சட்டத்தில் மாட்டி, 'க்ளிக்' சத்தம் வந்ததா என்று இழுத்துப் பார்த்து, குஷனைப் போட்டு, நாற்காலியைக் காரோடு ஒட்டிக் கொண்டுவந்து பிரேக்கைப் போட வேண்டும். பிறகு ஒரு கையைக் கார் சீட்டிலும் இன்னொரு கையை நாற்காலியிலும் ஊன்றி உடம்பைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். இவ்வளவும் நடக்கக் கதவுக்கு வெளியே தரை வேண்டும், ஐயா. பக்கத்துக் கார் இரண்டு சாண் தள்ளி நின்றால் நான் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வரும்போது இடம் இல்லையென்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பும்போதுதான் ரத்தம் கொதிக்கும். போன மாதம் ஒரு மாலில் மளிகை வாங்கிக்கொண்டு கீழே வருகிறேன், என் கதவுப் பக்கம் இருந்த பட்டையில் இரண்டு பைக். இரண்டுமே ஹேண்டில் லாக். காரும் என்னுடையது, சாவியும் கையில், ஆனால் உள்ளே ஏற முடியாது. மடியில் வைத்திருந்த ஃப்ரோசன் பட்டாணி உருகிப் பேன்ட் நனைந்துகொண்டிருக்கிறது. வாட்ச்மேன் மைக்கில் நம்பரை அறிவிக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. படத்துக்குப் போயிருப்பார்கள், இடைவேளையில் வருவார்கள் என்று என்னைத் தேற்றினார். ஒரு பைக்கை இரண்டு பேர் பின்பக்கமாகத் தூக்கி நகர்த்தினார்கள். இன்னொன்று நகரவே இல்லை. கடைசியில் ஒரு பையன் பாப்கார்ன் டப்பாவோடு வந்தான். "சாரி அங்கிள், பைக்தானே, கேப் இருக்கு, எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன்." எந்த கேப்பில் தம்பி? கண்ணாடி வழியாக நுழையச் சொல்கிறாயா?

இதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த தீர்வு இன்னும் பிரமாதம். கட்டத்தின் நடுவில் ஒரு கோன், சில இடங்களில் சங்கிலி. யாரும் நிறுத்தாமல் பாதுகாக்கிறார்களாம். அந்தக் கோனை யார் எடுப்பது? நான் இறங்கினால்தான் எடுக்க முடியும், எடுத்தால்தான் நிறுத்த முடியும், நிறுத்தினால்தான் இறங்க முடியும். ஆகவே ஹார்ன் அடிக்க வேண்டும். அடித்தால் பின்னால் நிற்கிற கார்க்காரர் என்னை முறைப்பார்.

வாட்ச்மேன்களைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு விசில் ஊதுகிற மனுஷன், பெரிய காரில் வருகிறவரிடம் "இங்க நிறுத்தாதீங்க சார்" என்று சொன்னால் என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். "நான் யார் தெரியுமா", "உன் மேனேஜரைக் கூப்பிடு". ஒரு தடவை ஒருவர் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். என் கண் முன்னாலேயே! மேனேஜரும் சும்மாயில்லை, திறப்பு விழா, பிரமுகர் வருகை என்றால் முதலில் காலியாவது நம் கட்டம்தான். வாலே பார்க்கிங் ஆட்களுக்கும் அதுதான் காத்திருப்பு அறை.

ஸ்டிக்கர் கூட்டம் தனி. சக்கர நாற்காலி ஸ்டிக்கர் ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பார்க்கிங்குக்கு என்று நாடு முழுக்கச் செல்லுகிற ஒரு அட்டை, பிரிட்டனில் 'ப்ளூ பேட்ஜ்' இருக்கிறதே அதுபோல, நம் ஊரில் கிடையாது. அதனால் பாட்டிக்காக ஒட்டிய ஸ்டிக்கரை வைத்துப் பேரன் ஜிம்முக்கு வருகிறான். பாட்டி எங்கே என்றால் வீட்டில் சீரியல் பார்க்கிறாராம். அந்த பேட்ஜில் ஒரு விதி உண்டு: அது காருக்கு இல்லை, ஆளுக்கு. ஆள் அந்தப் பயணத்தில் இல்லையென்றால் அட்டையைப் பயன்படுத்தக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

அதே சமயம், நம் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு வம்பு இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஹீமோஃபீலியா. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கிவிடும். ஆனால் பார்ப்பதற்கு ஜம்மென்று இருப்பான், நாலு அடி நடக்கவும் செய்வான். ஒரு பெரியவர் அவனை நிறுத்தி, "கை கால் நல்லாத்தானே இருக்கு, வெக்கமா இல்ல?" என்று ஊரைக் கூட்டிவிட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோஃபீலியா, தலசீமியா, பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் அதில் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கேட்பது வாட்ச்மேன் வேலை. கேட்கட்டும், காட்டுகிறோம். வழியில் போகிறவர்களிடம் நோயை நிரூபிக்க எங்களால் ஆகாது.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தச் சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருந்த விதி செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஏழு மணிக்கு பேஸ்மென்டில் கறுப்பு எஸ்யூவி நிற்கும்போது இதில் எதை எடுத்து யாரிடம் காட்டுவது? கட்டம் வரைந்தாகிவிட்டது, பெயின்ட் அடித்த படமும் கோப்பில் போயாகிவிட்டது. அதில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்டால் மாலில் போலீஸைக் கை காட்டுவார்கள், போலீஸில் மாலைக் கை காட்டுவார்கள்.

என்னிடமாவது கார் இருக்கிறது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருகிறவர்கள் பாடு இதைவிட மோசம். அந்த வண்டியை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் அது ஓடாத தெரு இல்லை. ஆனால் அதை நிறுத்த எங்கே இடம்? டூவீலர் பக்கம் போனால் இஞ்ச் இடைவெளி விடாமல் அடுக்கியிருப்பார்கள், பக்கச் சக்கரம் நுழையாது. நுழைந்தாலும் ஊன்றுகோலை வைத்து இறங்க முடியாது. சரி, நீலக் கட்டத்தில் விடலாம் என்று வந்தால், "இது கார் பார்க்கிங்ணா, வண்டியை அந்தப் பக்கம் கொண்டு போங்க" என்று விசில். அதே கட்டத்தில் கார்க்காரர் 'அஞ்சு நிமிஷம்' நிற்கலாம், படத்தில் வரைந்திருக்கிற ஆள் நிற்கக் கூடாது!

பட்டாணி உருகின அன்றைக்கே அந்த மால் நிர்வாகத்துக்கு மெயில் போட்டேன். இருபது வரியில், போட்டோவோடு. ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாளர் ஒருவர் போன் செய்தார், ரொம்ப மரியாதையாகப் பேசினார். நம் இரண்டு கட்டங்களையும் மாற்றப் போகிறார்களாம். லிஃப்ட் பக்கத்தில் மின்சார கார் சார்ஜ் பண்ணும் பாயின்ட் வருகிறதாம். "உங்களுக்கு மூணாவது பேஸ்மென்ட்ல ஒதுக்கியிருக்கோம் சார், அங்க கூட்டமே இருக்காது, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அங்கே லிஃப்ட் வருமா என்று கேட்டேன்.

"சர்வீஸ் லிஃப்ட் இருக்கு சார். சாவி மட்டும் செக்யூரிட்டி ஆபீஸ்ல வாங்கிக்கணும்."

செக்யூரிட்டி ஆபீஸ் முதல் மாடியில்.