அந்தக் கல்லை எந்தத் துறை வாசிக்கும்?

சனிக்கிழமை வெள்ளவத்தையில் நடந்த அந்தக் கருத்தரங்கின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளை எழும்பி, இடைக்கால உலகத்தைப் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கிற பட்டப்படிப்பு பற்றிக் கேட்டாள். "எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சா ஒன்றிலும் உருப்பட மாட்டாய்" என்றார் மேடையில் இருந்த சேர். மண்டபமே சிரித்தது.

நானும் அந்தப் படிப்புப் படித்தவள். அந்தச் சிரிப்பு எனக்கும் சேர்த்துத்தான்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல்; சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் வந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் (அன்றைய பெயர் தெனாவரை) கோயிலில் இருந்த தெனாவரை நாயினார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமியப் புனிதத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த இடத்திலிருந்து எடுத்தார்கள்.

இதை எந்தத் துறை வாசிக்கும், சேர்? தமிழ்த் துறையிடம் கொடுத்தால் நாயினாரோடு நின்றுவிடும். சீனம் தெரிந்தவருக்குத் தெனாவரை எது என்று தெரியாது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோனது. காணிக்கை கொடுத்த அதே கடற்படை 1411இல் இங்கே சண்டை பிடித்து, ஆட்சியாளரையே சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. அது கல்லில் இல்லை, சீன அரச பதிவுகளில் இருக்கிறது. தெனாவரை நாயினாரின் கோயிலும் இன்று இல்லை, 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். அதற்குப் போர்த்துக்கேய ஏடுகள் வேண்டும். ஒரு துறை போதாது. திரும்பவும் சொல்கிறேன், ஒரு துறை போதாது.

என் அப்பா தமிழ் ஆசிரியர். ஒருமுறை அவரை அந்தக் கல்லுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, குனிந்து, விரலைக் கல்லில் படாமல் வரிக்கு வரி நகர்த்தினார். புள்ளி இல்லாத எழுத்து, கூட்டி எழுதிய சொற்கள். இரண்டு சொல் பிடிபட்டது, மூன்றாவதில் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தமிழ் படிப்பித்த மனுசன். கல்வெட்டெழுத்து தனிப் படிப்பு என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. அப்புறம் என் படிப்பைப் பற்றி வீட்டில் ஒரு கேள்வியும் வரவில்லை.

"இலகுவான படிப்பு" என்பவர்களுக்கு ஒன்று: டொரன்டோப் பல்கலைக்கழகத்தில் 1964 முதல் இடைக்கால ஆய்வுகளுக்கென்றே மையம் இருக்கிறது. அங்கே லத்தீன் பரீட்சையில் தேறாமல் பட்டம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சம் படிக்கிற இடமா அது?

"வேலை?" என்று கேட்பீர்கள். சரி, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் எந்தத் தாய் தகப்பன்தான் பயப்படவில்லை? அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பயத்தைச் சொல்வது வேறு, ஒரு பிள்ளையைச் சபையில் வைத்துச் சிரிப்பது வேறு. கணக்கியல் படிக்கப்போகிறேன் என்றிருந்தால் சிரித்திருப்பீர்களா?

எனக்கு வலிப்பது இன்னொன்று. பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. புத்தரின் தந்த தாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற தமிழ்க் கூலிப்படையினர் பொறுப்பேற்ற சாசனம். தமிழ் மொழிமூலம் படித்த எனக்கு அதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சிங்கள மொழிமூலம் படித்த என் தோழிக்கும் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டைக் கையில் கொடுத்து, இதுதான் உன் வரலாறு என்று அனுப்பிவிட்டார்கள்.

"நீ எங்கள் பெருமையைக் குறைக்கிறாய்" என்று எழுத வருகிறவர்களே, காலிக் கல்லின் தமிழ்ப் பகுதியை மட்டும் படமெடுத்துப் போடுவது போதுமா? அதே கல்லில் மற்ற இரண்டு மொழிகளும் இருக்கின்றன. அவற்றையும் எங்கள் பிள்ளைகள் வாசிக்கட்டும். பாரசீகம் படிக்கட்டும், சீனம் படிக்கட்டும், சிங்களமும் படிக்கட்டும். உங்களால் உதவ முடியாவிட்டால் பரவாயில்லை, கேள்வி கேட்க எழும்புகிற பிள்ளையைச் சிரித்து உட்கார வைக்காதீர்கள்.