ஆஸ்கார் மீன் குஞ்சுகளுக்கு உயிர் மீன் கட்டாயமில்லை
உயிருள்ள பொன்மீன்களைத் தின்றால்தான், தொட்டிகளில் வளர்க்கப்படும் ஆஸ்கார் மீனின் குஞ்சுகள் நன்றாக வளரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். அன்புடன் மறுக்கிறேன். பொன்மீனின் உடலில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். பொன்மீனையே தொடர்ந்து தின்னும் குஞ்சுக்கு அந்த வைட்டமின் குறைந்துபோகும். நாளடைவில் பசி மங்கும், நீச்சல் தடுமாறும். பாவம், வளர்ப்பவரோ மீனுக்கு நல்லதைச் செய்வதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

ஊனுண்ணி மீன்களுக்கென்று விற்கப்படும் தரமான குருணைத் தீவனமே அன்றாட உணவாகப் போதும். மீன்களின் ஊட்டச்சத்து பற்றிய கால்நடை மருத்துவ நூல்களில் தயாமினேஸ் என்று தேடினால் விளக்கம் கிடைக்கும். வீட்டிலும் சோதிக்கலாம்: குருணைக்குப் பழக்கிய குஞ்சின் நீளத்தை, தொட்டிக் கண்ணாடியில் அளவுகோலை ஒட்டி மாதந்தோறும் குறித்துவாருங்கள்.