துரைக்குப் போட்ட சலாமை அகஸ்டினுக்கும் போட வேண்டுமா?

சீர்திருத்த நாளான ஒக்டோபர் 31 வந்தால் போதும், என் முகநூல் முழுக்கப் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தரின் முகம்தான். கறுப்புத் தொப்பி, தடித்த கன்னம், கீழே அவர் சொன்னதாக ஒரு வரி. பல வேளைகளில் அவர் சொல்லாத வரி. இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தம்பிமார்தான் பெரும்பாலும் இவற்றைப் போடுகிறார்கள். இவர்கள் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. சுகமளிக்கும் கூட்டத்தில் விற்கும் எண்ணெய்ப் போத்தலைவிட, நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வட ஆபிரிக்க ஆயர் அகஸ்டின் எவ்வளவோ மேல். ஆனால் ஒருவர் தன்னை, லூத்தருக்கு அடுத்து வந்த ஜெனீவாச் சீர்திருத்தவாதி கால்வின் பக்கம் என்றும் இன்னொருவர் லூத்தர் பக்கம் என்றும் சொல்லிக்கொண்டு பின்னூட்டங்களில் மல்லுக்கு நிற்கும்போது, நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்ற கொரிந்து சபைக்குப் பவுல் கண்டித்து எழுதிய கடிதத்தை இவர்கள் எந்தப் பக்கத்தோடு மூடி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நானும் கடன்காரன்தான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒரு லூத்தரன். உழைக்கிற சனங்கள் தங்கள் சொந்தப் பேச்சில் வேதம் படிக்க வேண்டும் என்ற லூத்தரின் பிடிவாதத்தை அவர் கப்பலில் கூடவே கொண்டுவந்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கைகால் கழுவி, குப்பி விளக்கடியில் எழுத்துக் கூட்டி யோவான் சுவிசேஷம் படித்த என் பாட்டிக்கு லூத்தர் யாரென்று தெரியாது. ஆனாலும் அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்த வழியில் அந்த ஜெர்மானியரும் நிற்கிறார். ஆகவே செத்துப்போன வெள்ளைக்காரர்கள் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

என் கவலை வேறு. மலையகத்தில் பெரிய மனிதர் முன்னால் நிற்பதற்கென்று ஒரு நிலை இருந்தது. தோட்டத்துரை வருகிறார் என்றால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, வழிவிட்டு ஒதுங்கி, கேட்டால் மட்டும் வாய் திறப்பது. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள், தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய்க் கம்பனிகளிடம் வந்துவிட்டன. நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அது பங்களாவிலிருந்து இறங்கிப் பிரசங்க பீடத்தடிக்கு வந்துவிட்டது. பாஸ்டர் முன்னால் நாம் அப்படி நிற்கிறோம். பாஸ்டர் தமக்குப் பிடித்த பழைய வேத அறிஞர் முன்னால் அப்படி நிற்கிறார்.

டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்துக்குப் போயிருப்பீர்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி தோட்டத்துரைமாரின் கல்லறைகள், பெயர் வெட்டிய கற்கள். அந்தத் தேயிலையை நட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 1850களில் திருநெல்வேலியிலிருந்து வந்து தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்த உபதேசியார்களின் பெயர்களும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெனீவாவில் கால்வின், தன் புதைகுழியில் அடையாளமே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செத்தார். நம்மவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு லயத்துக் காம்பிராவில் ஜெபக்கூட்டம். பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அக்கா, ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளை இப்போது எங்கே இருக்கும் என்று கேட்டார். கேட்கும்போதே முந்தானை நுனியைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நன்றாகப் படிக்கிற ஒரு தம்பி உடனே சொன்னார்: "அக்கா, அகஸ்டின் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இலேசான தண்டனை." ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் கேட்டார்: "அவர் பிள்ளை பெற்றவரா, தம்பி?" தம்பியிடம் பதில் இல்லை.

பதில் உண்டு. அகஸ்டின் பிள்ளை பெற்றவர், பறிகொடுத்தவர். அதியோதாத்துஸ் என்ற அந்த மகன் இருபது வயதைக் காணவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 415இல், தம் காலத்து வேத அறிஞர் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகளின் தண்டனை என்ற இடத்துக்கு வரும்போது தாம் பெரும் இக்கட்டில் மாட்டிக்கொள்வதாகவும் என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை என்றும் அகஸ்டினே ஒப்புக்கொள்கிறார். கொள்கையை அவர் கைவிடவில்லை, ஆனால் திணறினார். நம் தம்பி தீர்ப்பை மனப்பாடம் செய்திருந்தார், திணறலை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மனிதரைச் சிலையாக நிறுத்தியதும் அவரிடமிருந்து முதலில் போவது இந்தத் திணறல்தான். அந்த அக்காவுக்கு அன்றிரவு வேண்டியிருந்ததும் அதுதான். இவ்வளவு பெரிய மனிதரும் இந்தக் கேள்வி முன்னால் தடுமாறினார் என்று கேட்டிருந்தால், தன் தடுமாற்றம் அவிசுவாசம் இல்லை என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தம்மை இப்படி எடுத்து வீசுவதை அகஸ்டின் விரும்பியிருக்கவும் மாட்டார். அதே ஜெரோமுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், பிழையே இல்லாதவை என்ற மரியாதையை வேத புத்தகங்களுக்கு மட்டும் வைத்திருப்பதாகவும், மற்றவர்கள் எவ்வளவு பரிசுத்தமும் படிப்பும் உள்ளவர்களாக இருந்தாலும் அவர்கள் நினைத்தார்கள் என்பதற்காக ஒன்றை உண்மை என்று ஏற்பதில்லை என்றும் எழுதினார். எழுபது வயது தாண்டியபின் உட்கார்ந்து, தம்முடைய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தம் சொல்லித் தனி நூலே எழுதினார். நம் ஊரில், போன ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னதை இந்த ஞாயிறு திருத்திக்கொண்ட ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

லூத்தர் விஷயம் இன்னும் கசப்பு. 1522இல், என் பெயரால் உங்களை அழைத்துக்கொள்ளாதீர்கள், நான் புழுவுக்கு இரையாகப்போகும் நாற்ற உடம்பு என்று எழுதிய அதே கை, 1525இல் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை வெறிநாயைக் கொல்வதுபோல் வெட்டுங்கள், குத்துங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதியது. 1543இல் யூதரின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொன்னது. சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்து, பொலிசிடம் அடி வாங்கிய தகப்பன்மாரின் பிள்ளைகள் நாம். 1525இல் நாம் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியவர் ஜொனதன் எட்வர்ட்ஸ். அமெரிக்க மண்ணில் தோன்றிய மிகக் கூர்மையான இறையியல் மூளை என்று பலரும் சொல்வார்கள். மெய்யான பக்தியையும் வெறும் உணர்ச்சிப் பெருக்கையும் எப்படிப் பிரித்தறிவது என்று 1746இல் அவர் எழுதியது, மைக்கைப் பிடித்துக் கத்துகிற நம் கூட்டங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். அதே மனிதர் 1731இல் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், 80 பவுண் கொடுத்து, வீனஸ் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கினார். விற்பனைச் சீட்டு இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்குத் துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது. கங்காணியின் கணக்கில் ஏறிய கடனோடு நம் கொள்ளுத்தாத்தாமாரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய அந்தச் சீட்டு முறை 1921 வரை சட்டப்படி நடந்தது. அடிமைச் சீட்டும் துண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விலை எழுதிய தாளை, வேறு எந்த வரலாற்றுத் தகவலையும்போல் வாசித்துக் கடந்துபோக எனக்கு முடியாது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: அந்தக் காலம் அப்படி. அப்படியா? எட்வர்ட்ஸ் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1700இல், பொஸ்டன் நகரத்து நீதிபதி சாமுவேல் சீவல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து வேத ஆதாரத்தோடு எழுதி அச்சிட்டுவிட்டார். வீனஸ் வாழ்ந்ததும் அதே காலத்தில்தான். அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை, அவ்வளவுதான். எட்வர்ட்ஸை மெய்யாக மதித்தவர்கள் யார் தெரியுமா? அவருடைய மாணவர் சாமுவேல் ஹொப்கின்ஸ் 1776இல் அடிமை முறையை எதிர்த்து எழுதினார். அவருடைய சொந்த மகன் 1791இல் அதற்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். அன்பு என்பது எல்லா உயிரின் நன்மையையும் நாடுவது என்று ஆசான் கற்பித்ததை, ஆசான் போகாத வீட்டு வாசல்வரை கொண்டுபோனவர்கள் இவர்கள்.

மறுபக்கத்துக்காரர்களும் என்னைச் சலிப்படைய வைக்கிறார்கள். ஒரு குற்றம் கண்டதும் ஆளையே தூக்கி எறிகிறார்கள். படிக்காமலே எறிவதற்கு நல்ல சாக்கும் கிடைத்துவிடுகிறது. துதிக்கிறவரும் எறிகிறவரும் புத்தகத்தைத் திறப்பதில்லை.

அகஸ்டினைக் கேள்வி கேட்க நீ யார் என்று யாராவது எழுதுவீர்கள். பெரோயா பட்டணத்தார் யார்? பவுல் நேரில் வந்து சொன்னதையே, இது இப்படித்தானா என்று தினந்தோறும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைக் கடியவில்லை, பாராட்டுகிறது.

திரித்துவத்தை மறுத்ததற்காக மைக்கேல் சர்வேத்துஸ் என்ற ஸ்பானிய மருத்துவர் 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். அந்த வழக்கில் கால்வினின் கை உண்டு. எரிக்காமல் தலையை வெட்டுங்கள் என்று மட்டும் அவர் கேட்டுப் பார்த்தார். 350 ஆண்டுகள் கழித்து, 1903இல், அதே இடத்தருகே ஒரு கல் நட்டார்கள். நட்டவர்கள் கால்வினின் எதிரிகள் அல்லர், அவர் வழிவந்தவர்கள். கால்வினுக்கு மரியாதையும் நன்றியும் உள்ள பிள்ளைகளாக இருந்துகொண்டே, அவருடைய நூற்றாண்டுக்குரிய பிழை ஒன்றைக் கண்டிக்கிறோம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். முதல் பாதியில் நானும் கையெழுத்திடுவேன். இரண்டாவது பாதியோடுதான் எனக்குச் சண்டை. கால்வினோடு முன்னர் ஜெனீவாவில் ஊழியம் செய்து, பிறகு பாசல் நகரத்துக்குப் போய்விட்ட காஸ்டெல்லியோவும் அதே நூற்றாண்டுதான். ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதல்ல, ஒரு மனிதனைக் கொல்வதுதான் என்று சர்வேத்துஸ் எரிந்த மறு ஆண்டே அவர் எழுதிவிட்டார். அது அச்சானது 1612இல். அதற்குள் கால்வினும் காஸ்டெல்லியோவும் இறந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.