பெயர் மட்டும்தான் ‘நல்’

ஒரு பட்டியலில் இருப்பதை நீக்கச் சொன்னால் ஜாவா என்ற நிரல்மொழி மறுபேச்சில்லாமல் நீக்குகிறது. இல்லாததை நீக்கச் சொன்னால்தான் அதற்கு ஆயிரம் நிபந்தனை. ‘இங்கே எதுவும் இல்லை’ என்பதற்கு அது வைத்திருக்கும் பெயர் null, தமிழில் எழுதினால் ‘நல்’. நல்வரவு, நல்வாக்கு வரிசையில் எவ்வளவு மங்கலமாக இருக்கிறது! என் பகல் முழுவதையும் தின்றுவிட்டது.

என் பட்டியலில் கிடந்த நல்களை நீக்க, முதலில் ‘ரிமூவ்’ என்ற மெத்தடை, அதாவது கட்டளையை, அழைத்து நல்லைக் கொடுத்தேன். பட்டியலில் இருந்த ஐந்து நல்லில் முதலாவதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துகொண்டது. மற்ற நான்கும் யார் வீட்டுச் சொத்து?

சரி, ‘ஃபார் ஈச்’ சுழலுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குவோம் என்றால், சோதனையில் ஓடியது. அழகாக ஓடியது. மூன்று உறுப்புகள், நடுவில் ஒரு நல். ஏன் ஓடியது தெரியுமா? கடைசிக்கு முந்தையதை நீக்கியதும் நீளம் ஒன்று குறைகிறது. சுழலும் ‘நான் முடிவுக்கு வந்துவிட்டேன்’ என்று நம்பி, கடைசி உறுப்பை ஏறெடுத்தும் பாராமல் வெளியேறிவிடுகிறது. பிழையைப் பிழையே மறைத்திருக்கிறது! உண்மைத் தரவு வந்ததும் ‘கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன்’ என்று ஒரு பிழைச் செய்தி. ஒரே நேரத்தில் மாற்றினார்களாம். யார் ஐயா மாற்றினார்கள்? நிரல் ஓடுவது ஒரே ஒரு த்ரெட்டில், ஒற்றை இழையில். அதற்குள் நான் ஒருவன்தானே இருக்கிறேன்!

உறுப்புகளின் வரிசை எண்ணை வைத்துச் சுழற்றினேன். அடுத்தடுத்து இரண்டு நல் இருந்தால், ஒன்றை நீக்கியதும் மற்றது அதன் இடத்துக்கு நகர்ந்து தப்பிவிடுகிறது. ‘பின்னாலிருந்து வந்திருக்கலாமே’ என்று உபதேசிக்க வருகிறவர்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள், நான் நல்ல மனநிலையில் இல்லை.

‘ரிமூவ் இஃப்’ இருக்கிறதே, 2014இல் ஜாவா 8 கொண்டுவந்தது, ஒரே வரி. போட்டேன். ‘அன்சப்போர்ட்டட் ஆபரேஷன்’, அந்தச் செயலுக்கு இங்கே இடமில்லையாம். பட்டியலை அனுப்பிய புண்ணியவான் அதை ‘அரேஸ் டாட் ஆஸ் லிஸ்ட்’டில் செய்து அனுப்பியிருக்கிறார், அதன் நீளத்தை மாற்ற முடியாது. இதில் கொடுமை, நல் ஒன்றுகூட இல்லாவிட்டால் அது வாயே திறப்பதில்லை. நல் இருந்தால்தான் வெடிக்கும். நல்லை நீக்கத்தானே அதை அழைத்தேன்!

1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இந்த நல்லைப் படைத்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர். என்னுடைய இன்றைய பகலை அந்தக் கணக்கில் சேர்த்தாரா என்பதுதான் கேள்வி.

கடைசியில் ‘ஸ்ட்ரீம்’ வைத்து வடிகட்டி, புதுப் பட்டியலாகவே எடுத்துக்கொண்டேன். பழையது எப்படியோ போகட்டும்.

இந்த ஒரு வரித் திருத்தத்தை விவாதிக்க மாலை நான்கு மணிக்குக் கூட்டமாம். அழைப்பில் ஒன்பது பெயர்கள். பேசப்போகிறவர்கள் இரண்டு பேர். மற்ற ஏழு பேரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க எந்த மெத்தடும் இல்லை. ஏழில் நானும் ஒருவன்.